36 கொண்டை ஊசி வளைவு, 40 நிமிடம்: ஸ்போர்ட்டி காருக்கு 'பெர்ஃபாமன்ஸ்' டயர் எதற்கு?

திருமலையிலிருந்து காரில் இறங்குபவர்களுக்கு ஒரு விதி உண்டு. சுமார் 19 கி.மீ. நீளமுள்ள மலைப்பாதையை 40 நிமிடத்துக்குள் கடந்துவிடக் கூடாது. ஏறும்போது குறைந்தபட்சம் 28 நிமிடம் ஆக வேண்டும். அதற்கு முன்பே வந்து நின்றால், வேகமாக ஓட்டியதற்கு அபராதம்.

கணக்குப் போட்டால், இறங்கும்போது சராசரி வேகம் மணிக்கு 28 கி.மீ.தான். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடியின் டயரில் 'வி' என்று எழுதியிருக்கும். மணிக்கு 240 கி.மீ. வேகத்தைத் தாங்கும் என்று பொருள்.

28ல் போகிற ரோட்டுக்கு 240 தாங்கும் டயர் எதற்கு? வெறும் பந்தாவா? சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, டர்போ எஞ்சின் கார் ஒன்றை இஎம்ஐயில் வாங்கி, வார இறுதியில் திருப்பதி, காணிப்பாக்கம், சித்தூர் பக்கம் ஓட்டிப் போகிறவர்களுக்கு இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. முதல் செட் டயர் தேய்ந்ததும் கடையில் நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது என்ன?

விர்டஸ் ஜிடியின் டயர் அளவு 205/55 ஆர்16. இதன் பின்னால் பொதுவாக 91வி என்று இருக்கும்.

205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்றால், சைடுவாலின் உயரம் அந்த அகலத்தில் 55%. அதாவது சுமார் 113 மி.மீ. 'ஆர்' என்பது ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

91 என்பது எடைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும். கடைசி எழுத்து வேகக் குறியீடு. 'டி' என்றால் 190 கி.மீ., 'எச்' 210, 'வி' 240, 'டபிள்யூ' 270, 'ஒய்' 300.

இந்தியாவில் எக்ஸ்பிரஸ்வேயில் கார்களுக்கான உச்ச வரம்பே 120 கி.மீ.தான். அப்படிப் பார்த்தால் 'டி' டயரே போதும் அல்லவா?

போதாது. வேகக் குறியீடு என்பது உண்மையில் வெப்பத்தைத் தாங்கும் திறன் பற்றியது. டயர் உருளும் ஒவ்வொரு சுற்றிலும் சைடுவால் வளைந்து நிமிர்கிறது. அப்போது உள்ளே சூடு உண்டாகிறது. வேகம், எடை, சாலையின் வெப்பம் எல்லாம் கூடக்கூட அந்தச் சூடும் ஏறும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதி வெயிலில், ஐந்து பேர், டிக்கி நிறைய லக்கேஜ், 100 கி.மீ. வேகம் என்று மூன்று மணி நேரம் ஓடும் டயருக்கு அந்தக் கூடுதல் தாங்குதிறன் தேவை. அதனால்தான் கார் நிறுவனம் சொன்ன வேகக் குறியீட்டுக்கும் எடைக் குறியீட்டுக்கும் கீழே இறங்காதீர்கள் என்று சொல்வது.

கால்வாசி பிடிப்பு குறைந்தால் என்ன ஆகும்?

சரி, தாங்குதிறன் ஒரு பக்கம். 'பெர்ஃபாமன்ஸ்' டயரின் இன்னொரு விஷயம் பிடிப்பு, அதாவது க்ரிப். இதைத்தான் பலரும் 'வளைவுல சூப்பரா போகும்' என்று புரிந்துகொள்கிறார்கள். உண்மையான பலன் பிரேக்கில் தெரியும்.

எளிய இயற்பியல் கணக்கு ஒன்று. ஈரமான சாலை. இரண்டு கார்கள், இரண்டும் 80 கி.மீ. வேகம். முதல் காரின் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.6 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது காருக்கு 0.45. அதாவது பிடிப்பு கால்வாசி குறைவு. இருவரும் ஒரே இடத்தில் பிரேக்கை அழுத்துகிறார்கள்.

முதல் கார் சுமார் 42 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது கார் நிற்க 56 மீட்டர் வேண்டும். 14 மீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் முதல் கார் முழுசாக நின்ற அந்த 42வது மீட்டரில், இரண்டாவது கார் இன்னும் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

பிடிப்பில் கால்வாசி குறைந்தால், மிச்சமிருக்கும் வேகம் பாதி. 100ல் பிரேக் போட்டால் 50ல் மோதும். 60ல் போட்டால் 30ல் மோதும். கெழுவின் எண் மாறினாலும் இந்த விகிதம் மாறாது.

பிரேக்கை மிதிக்கும் முன் நம் மூளை எடுத்துக்கொள்ளும் ஒரு நொடி இதில் சேரவில்லை. 80 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியிலேயே 22 மீட்டர் போய்விடும்.

எஞ்சின் எத்தனை குதிரைத்திறனாக இருந்தாலும், ஏபிஎஸ், இஎஸ்சி எல்லாம் இருந்தாலும், சாலையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. அந்த ரப்பரில் இல்லாத பிடிப்பை எந்த எலக்ட்ரானிக்ஸாலும் உருவாக்க முடியாது.

இந்த டயரில் அப்படி என்ன வித்தியாசம்?

மூன்று விஷயங்கள். ஒன்று, ரப்பர் கலவை. சிலிக்கா அதிகம் சேர்த்த, மென்மையான கலவை ஈரச் சாலையிலும் நன்றாக ஒட்டும். இரண்டு, ட்ரெட் வடிவம். வெளிப்பக்கத்தில் வளைவுக்காகப் பெரிய கட்டைகள், நடுவில் தண்ணீரை வெளியேற்ற அகலமான நீள்பள்ளங்கள் என்று இருபக்கமும் வேறுவேறாக இருக்கும். மூன்று, விறைப்பான சைடுவால். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் தாமதிக்காமல் திரும்புவது இதனால்தான்.

மிஷலின் பைலட் ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா, விரெடஸ்டீன் அல்ட்ராக் போன்றவை இந்த ரகம். மிஷலின் பிரைமஸி போன்றவை 'டூரிங்' ரகம். கொஞ்சம் அமைதி, கொஞ்சம் சொகுசு, நீண்ட ஆயுள் என்று சமன் செய்து தயாரிக்கப்படுபவை.

எதுவும் இலவசமில்லை. மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். விறைப்பான சைடுவால் ஒவ்வொரு குழியையும் முதுகுக்குச் சொல்லும். சத்தமும் கூடலாம். அதனால் விலையைப் பார்க்காமல், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். உதாரணமாக, 40,000 ரூபாய் செட் 25,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 1.60 ரூபாய். 28,000 ரூபாய் செட் 45,000 கி.மீ. ஓடினால் 62 பைசா. அந்த ஒரு ரூபாய் வித்தியாசம் உங்களுக்குத் தகுமா என்பது நீங்கள் எங்கே, எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சித்தூர், திருப்பதி ரோடு என்ன கேட்கிறது?

சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி. பெங்களூருவிலிருந்து கோலார், முல்பாகல், பலமநேர் வழியாகச் சித்தூர். இந்த இரண்டாவது பாதையில் பலமநேர் தாண்டியதும் மொகிலி மலைப்பாதையில் இறங்க வேண்டும். கனரக லாரிகளோடு சேர்ந்து இறங்கும் பாதை அது.

திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள். 1944ல் திறந்த முதல் பாதை இப்போது இறங்குவதற்கு. அதில்தான் 36 கொண்டை ஊசி வளைவுகள். 1970களில் போட்ட இரண்டாவது பாதை ஏறுவதற்கு.

ஆக, ஒரே பயணத்தில் மூன்று சோதனைகள். நெடுஞ்சாலையில் வெப்பம். மலையில் பிரேக். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. 2021 நவம்பரில் பெய்த கனமழையில் மண் சரிந்து திருமலை மலைப்பாதைகளையே மூட வேண்டியிருந்தது. அவ்வளவு மழை எப்போதாவதுதான். ஆனால் வெயில் காலத்துக்குப் பிறகு வரும் முதல் சாரல் போதும். ரோட்டில் படிந்த ஆயில், தூசி, டயர்த் துகள் எல்லாம் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும்.

மூன்று சோதனைகளுக்கும் பொதுவான பதில் ஈரப் பிடிப்பும் வெப்பத் தாங்குதிறனும். உலர்ந்த சாலையில் வளைவில் சீறுவதற்கான கூடுதல் பிடிப்பு இந்தப் பட்டியலில் கடைசிதான். வாங்கும்போது இந்த வரிசையை மறக்காதீர்கள்.

இறங்கும்போது இன்னொன்று. காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் டிஸ்க் சூடாகி, அது ரிம்முக்கும் டயருக்கும் ஏறும். 2வது அல்லது 3வது கியரில் போட்டு எஞ்சின் வேகத்தைப் பிடிக்கட்டும். ஆட்டோமேட்டிக் காரில் மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். எந்த டயரும் கொதித்த பிரேக்கைச் சரிசெய்யாது.

கடையில் எந்த முத்திரையை நம்புவது?

ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது இல்லாத டயரைத் தொடாதீர்கள். இதற்கு மேல் 'ஏஐஎஸ் 142' என்ற தரநிலை உண்டு. உருளும் தடை, ஈரப் பிடிப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் வரம்பு வைக்கிறது. புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபர் முதலும், ஏற்கெனவே சந்தையில் இருந்தவற்றுக்கு 2023லும் அமலாகும்படி மத்திய அரசு அறிவித்தது. ஆனால் இது பாஸ் மார்க் மாதிரி. 36 எடுத்தவரும் 96 எடுத்தவரும் இதில் ஒன்றுதான்.

எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீடு எரிபொருள் சிக்கனத்துக்கானது. 5 ஸ்டார் என்றால் ஈரத்தில் நன்றாக நிற்கும் என்று பொருள் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சைடுவாலில் 'ட்ரெட்வேர்', 'ட்ராக்ஷன்', 'டெம்பரேச்சர்' என்று மூன்று சொற்கள் இருக்கலாம். இது அமெரிக்க முறை. ட்ராக்ஷனில் ஏஏ, ஏ, பி, சி என்ற தரங்கள் ஈரத்தில் நேர்கோட்டில் நிற்கும் திறனைக் காட்டும். டெம்பரேச்சரில் ஏ சிறந்தது. நம்ம ஊர் வெயிலுக்கு அதைத்தான் கேளுங்கள். ட்ரெட்வேர் எண் அதிகமானால் மெதுவாகத் தேயும். ஆனால் அதைத் தயாரிப்பாளரே கொடுத்துக்கொள்வதால், ஒரே பிராண்டுக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

அதே மாடல், அதே அளவு டயர் ஐரோப்பாவில் விற்கப்பட்டால், அங்கே ஏ முதல் இ வரை ஈரப் பிடிப்புத் தரம் இருக்கும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் ஒரே பெயரில் வேறு நாட்டில் தயாராகும் டயரின் கலவை மாறலாம். அதனால் அது ஒரு அறிகுறி மட்டுமே.

நாம் கேட்கும் டயர் ஏன் கிடைப்பதில்லை?

2020 ஜூன் மாதம் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஜூன் 12 அன்று மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைக் 'கட்டுப்படுத்தப்பட்ட' பட்டியலுக்கு மாற்றியது. அதாவது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதி வாங்க வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் விற்கும் பெர்ஃபாமன்ஸ் டயர்கள் பலவும் இறக்குமதியை நம்பியிருந்தவை.

அதே மாதம் 25ஆம் தேதி, அப்போதைய சித்தூர் மாவட்டத்தின் சின்னபண்டூரு கிராமத்தில் அப்போலோ டயர்ஸின் புதிய ஆலையில் முதல் டயர் வெளிவந்தது. 256 ஏக்கர். முதல் கட்ட முதலீடு சுமார் 3,800 கோடி ரூபாய். நாளொன்றுக்கு 15,000 கார் டயர்கள், 3,000 லாரி, பஸ் டயர்கள் என்பது அந்தக் கட்டத்தின் இலக்கு. 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது இந்தப் பகுதி திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. அதே அப்போலோதான் 2009ல் தன் வசமான விரெடஸ்டீன் பிராண்டை 2021ல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது.

சென்னையைச் சுற்றியும் எம்ஆர்எஃப், ஜேகே, சியட், அப்போலோ, மிஷலின் ஆலைகள் இருக்கின்றன. அப்படிப் பார்த்தால், நாம் திருப்பதிக்குப் போகும் பகுதியே ஒரு டயர் பிராந்தியம். இருந்தாலும் ஆலை எதைத் தயாரிக்கும் என்பதை விற்பனை எண்ணிக்கைதான் முடிவு செய்யும். லட்சக்கணக்கில் ஓடும் ஹேட்ச்பேக் அளவுக்கு டயர் மலிந்து கிடக்கும். ஸ்போர்ட்டி காரின் அளவுக்குத் தேர்வு குறைவு. அதனால் டயர் முழுசாகத் தேயும் வரை காத்திருக்காமல், ஒரு மாதம் முன்பே விசாரிக்கத் தொடங்குங்கள்.

விலையில் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான ஜிஎஸ்டி 28%லிருந்து 18%ஆகக் குறைந்தது. அடிப்படை விலை மாறவில்லை என்றால், 12,800 ரூபாய் டயர் 11,800 ஆக வேண்டும். பில்லைப் பாருங்கள்.

'ஒரு சைஸ் ஏத்திடலாமா?'

கடையில் கட்டாயம் கேட்கப்படும் கேள்வி. 205/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மி.மீ. இதை 225/45 ஆர்17 ஆக மாற்றினால் 634 மி.மீ. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்பீடோமீட்டர் குழம்பாது. 215/50 ஆர்17 போட்டால் 647 மி.மீ. வித்தியாசம் 2.4%. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, முன்பைவிட 2 கி.மீ. கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் 225/45ல் சைடுவால் 113 மி.மீ.லிருந்து 101 மி.மீ. ஆகக் குறைகிறது. குழியில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த 12 மி.மீ. ரப்பரும் காத்தும்தான். சைடுவாலின் உள்ளே இழை அறுந்து வெளியே புடைப்பு வந்தால், அந்த டயரைச் சரிசெய்ய முடியாது. மாற்றியே ஆக வேண்டும். அகலம் கூடினால் ஆழமான தண்ணீரில் டயர் மிதக்கும் வாய்ப்பும் கூடும். தயாரிப்பாளர் அங்கீகரிக்காத அளவுக்குப் போனால், விபத்துக் காப்பீட்டில் கேள்வி வரலாம். கையேட்டில் இரண்டு அளவு கொடுத்திருந்தால் அதற்குள் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதே அளவில் நல்ல டயருக்கு மாறுவதுதான் லாபம்.

காத்து: நாலு பிஎஸ்ஐயில் நடக்கும் தப்பு

வீட்டில் காலை 28 டிகிரியில் 33 பிஎஸ்ஐ காத்து அடித்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். மதியம் புத்தூர் பக்கம் ஒரு பங்கில் நிறுத்துகிறீர்கள். டயருக்குள் இருக்கும் காத்து 58 டிகிரி ஆகியிருந்தால், கேஜ் கிட்டத்தட்ட 38 காட்டும். 'சார், காத்து ஜாஸ்தியா இருக்கு, எடுத்துடவா?' என்பார் பங்கு ஊழியர். நீங்களும் சரி என்று 33க்கு இறக்குகிறீர்கள்.

மறுநாள் காலை டயர் ஆறியதும் அது 29க்கும் கீழே இருக்கும். காத்து குறைந்தால் சைடுவால் அதிகம் வளையும். அதிகம் வளைந்தால் அதிகச் சூடு. ஐந்து பேரோடு நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கான பாதை இப்படித்தான் தொடங்குகிறது.

சூடான டயரில் காத்தை இறக்காதீர்கள். கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளவு பாருங்கள். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் முழு எடைக்கு வேறு எண் இருக்கும். குடும்பத்தோடு போகும்போது அந்த எண்தான். நைட்ரஜன் போட்டால் இந்தப் பிரச்சினை தீருமா? சாதாரணக் காத்திலேயே 78% நைட்ரஜன்தான். சூட்டில் அதுவும் விரியும்.

வயது, தேய்மானம், ஸ்டெப்னி

சைடுவாலில் 'டாட்' எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருக்கும். 2423 என்றால், 2023ஆம் ஆண்டின் 24வது வாரத்தில் தயாரானது. வார இறுதியில் மட்டும் எடுக்கும் காருக்கு ட்ரெட் தேயும் முன்பே ரப்பர் கெட்டுவிடும். 5 வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், 10 வருடத்தைத் தாண்டவே கூடாது என்பது மிஷலின் போன்ற நிறுவனங்களின் ஆலோசனை. வெயிலில் நிற்கும் காருக்கு இன்னும் முன்பே பாருங்கள்.

ட்ரெட் ஆழத்தின் சட்ட வரம்பு 1.6 மி.மீ. ஆனால் மழையில் பிடிப்பு அதற்கு வெகு முன்பே விழுந்துவிடும். 3 மி.மீ. வந்ததும், அடுத்த மழைக்கு முன் மாற்றத் திட்டமிடுங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால், புதியவை பின்பக்கம் போக வேண்டும். முன்சக்கர டிரைவ் காரிலும் அப்படித்தான். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கட்டுப்பாட்டுக்கு வரும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும். மலைப்பாதையில் சுழல இடமில்லை.

ட்ரெட்டில் பஞ்சர் என்றால், டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போடச் சொல்லுங்கள். சைடுவாலில் ஓட்டை என்றால் ஒட்ட விடாதீர்கள். கிளம்பும் முன் ஸ்டெப்னியிலும் காத்து பாருங்கள். சில கார்களில் அது சிறிய டயராக இருக்கும். அதில் 80 கி.மீ. போன்ற வேக வரம்பு எழுதியிருக்கும்.

அப்படின்னா, யாருக்கு எது?

தினமும் ஓஎம்ஆர் டிராஃபிக், வருடத்துக்கு இரண்டு முறை திருப்பதி என்றால், நல்ல டூரிங் டயர், சரியான காத்து, 5 வருடத்துக்குள் மாற்றம். இதுவே போதும். மாதம் இரண்டு முறை மலை ஏறி இறங்குபவர், மழையிலும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர், 150 குதிரைத்திறன் காரை அதற்கேற்றபடி ஓட்டுபவர் என்றால், பெர்ஃபாமன்ஸ் டயருக்குக் கொடுக்கும் அந்த ஒரு ரூபாய் வீண் இல்லை.

நான்கு வருடம் பழசான, 28 பிஎஸ்ஐ காத்தோடு ஓடும் விலையுயர்ந்த டயரைவிட, சரியாகப் பராமரித்த நடுத்தர டயர் பாதுகாப்பானது. அடுத்த முறை அலிபிரியில் சோதனைக்காக வரிசையில் நிற்கும்போது, இறங்கி நான்கு சக்கரத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.